போர்டுகள் தமக்குள் பேச மறுக்கும்போது: எங்கும் நிறைந்த கணிமை வகுப்புக்கு ஒரு பிழை நீக்கும் வழிமுறை

வைஃபை வசதியுள்ள சிறு கணினிகளான இஎஸ்பி32 போர்டுகளை வைத்துக்கொண்டு, மாலை வகுப்புகளிலும் பாலிடெக்னிக் ஆய்வகங்களிலும் எங்கும் நிறைந்த கணிமையின் அடிப்படைகளைக் கற்பிக்கும் ஆசிரியர்களுக்கும் தன்னார்வலர்களுக்கும் இந்த வழிமுறை எழுதப்படுகிறது. ஸெராக்ஸ் பார்க் ஆய்வகத்தில் மார்க் வைசர் 1988-இல் இந்தத் துறைக்குப் பெயர் சூட்டியபோது அவர் மனத்தில் இருந்தது, மேசைமேல் உட்கார்ந்து நம் கவனத்தைக் கேட்கும் கணினி அன்று. சுவரிலும் கைப்பொருளிலும் கலந்து, நாம் நினைக்காமலே உடன் உழைக்கும் பல சிறு கணினிகள். இதைக் கரும்பலகையில் எழுதிப் போட்டால் மாணவர் மனப்பாடம் செய்வார்கள். போர்டைக் கையில் கொடுத்தால், அது வேலை செய்யாத நேரத்தில்தான் புரிந்துகொள்வார்கள்.

பயிற்சியாக ஒன்றையே எடுத்துக்கொள்வோம். வட சென்னையின் வியாசர்பாடி, கொருக்குப்பேட்டை, தண்டையார்பேட்டை ஆகிய பகுதிகளின் அடுக்குமாடிக் குடியிருப்புகளில் மெட்ரோ வாட்டர் (மாநகரக் குடிநீர்) எப்போது வரும் என்று விடியற்காலையில் காத்திருப்பது மாணவர்களுக்குப் பழகிய வேலை. தரைத்தளச் சம்ப்பில் (நிலத்தடித் தொட்டியில்) ஒரு மிதவை சுவிட்சும் போர்டும். ஒவ்வொரு தளத்தின் படிக்கட்டு முகப்பிலும் ஒரு போர்டும் ஒரு எல்இடி விளக்கும். நீர் ஏறத் தொடங்கியதும் கீழ்ப் போர்டு அடுத்த தளத்துக்குச் சொல்ல, அது அதற்கு மேலுள்ளதற்குச் சொல்ல, விளக்குகள் எரிய வேண்டும். நடுவில் ரூட்டரும் இல்லை, இணையமும் இல்லை. ஏன் இல்லை என்று யாரும் கேட்பதில்லை. 2023 டிசம்பரில் மிக்ஜாம் புயலின்போது சென்னையின் பல பகுதிகளில் மின்சாரமும் கைப்பேசி சிக்னலும் நின்றுபோனதை அவர்கள் வீட்டிலேயே பார்த்திருக்கிறார்கள்.

கீழே உள்ள அறிகுறிகளில் பெரும்பாலானவற்றை ஒரு ரூட்டரை நடுவில் வைத்து ஐந்து நிமிடத்தில் மறைத்துவிடலாம். அப்படிச் செய்ய வேண்டாம் என்பதே இந்த வழிமுறையின் ஒரே பிடிவாதம். பிழை தோன்றியதும் மாணவர் முதலில் தம் ஊகத்தைச் சொல்லட்டும். அதன் பிறகு வயரைத் தொடட்டும்.

கணினியில் போர்டே தெரியவில்லை. அல்லது குப்பை எழுத்துகள் வருகின்றன

பெரும்பாலும் யூஎஸ்பி கேபிள் சார்ஜ் மட்டும் செய்யும் வகையாக இருக்கும். வேறு கேபிளை மாற்றிப் பாருங்கள். சென்னை ரிச்சி தெருவின் மின்னணுக் கடைகளில் கிடைக்கும் போர்டுகளில், யூஎஸ்பி வழியே கணினியோடு பேச, சிலவற்றில் சிபி2102 சிப்பும் சிலவற்றில் சிஎச்340 சிப்பும் இருப்பதால், இரண்டுக்குமான டிரைவர்களையும் முன்கூட்டியே நிறுவிவையுங்கள். போர்டு அனுப்பும் எழுத்துகளைக் கணினியில் காட்டும் சீரியல் மானிட்டரின் வேகம் நிரலில் உள்ள 115200-உடன் பொருந்தாவிட்டால் குப்பைதான் வரும். புரோகிராம் ஏற்றும்போது புள்ளிகள் மட்டும் ஓடிக்கொண்டிருந்தால் பூட் பொத்தானை அழுத்திப் பிடியுங்கள். இதில் கற்பிக்க எதுவும் இல்லை, சீக்கிரம் கடந்துவிடலாம்.

போர்டு தானாகவே மீண்டும் மீண்டும் தொடங்குகிறது

சீரியல் மானிட்டரில் ‘பிரவுன்அவுட்’ என்ற சொல் தென்பட்டால், மின்னழுத்தம் ஒரு கணம் சரிந்திருக்கிறது என்று பொருள். வைஃபை வழியே அனுப்பும் கணத்தில் இந்தச் சிப் 240 மில்லிஆம்பியர் அளவுக்கு இழுக்கும்; நீளமான மெல்லிய கேபிளும் பழைய சார்ஜரும் அதற்கு ஈடுகொடுக்க மாட்டா. கேபிளைக் குட்டையாக்குங்கள், 500 மில்லிஆம்பியருக்குக் குறையாத அடாப்டரைப் பயன்படுத்துங்கள், போர்டின் 5 வோல்ட் முனைக்கும் கிரவுண்டுக்கும் இடையில் 470 மைக்ரோஃபாரட் கெபாசிட்டர் ஒன்றைப் போடுங்கள்.

பவர்பேங்கில் ஓடும் போர்டு மறுதொடக்கம் ஆகாமல் ஒரேயடியாக அணைந்துபோனால் காரணம் வேறு. போர்டைத் தூங்க வைக்கும்போது அது இழுக்கும் மின்னோட்டம் மிகவும் குறைந்துவிடுவதால், எதுவும் செருகப்படவில்லை என்று நினைத்துப் பல பவர்பேங்குகள் தாமே நின்றுவிடும். சரி, தூங்க வைக்காமலே விட்டால்? காதைத் திறந்து வைத்திருக்கும் போர்டு ஏறத்தாழ 100 மில்லிஆம்பியர் எடுக்கும். 10,000 எம்ஏஎச் பவர்பேங்க் இரண்டு நாளைச் சற்றுத் தாண்டும், அவ்வளவுதான். தூங்கும் போர்டுக்குச் செய்தி கேட்காது, விழித்திருக்கும் போர்டுக்கு மின்சாரம் போதாது. எப்போது எல்லாரும் சேர்ந்து விழிப்பது என்று போர்டுகள் தமக்குள் உடன்பாடு செய்துகொள்ள வேண்டும் என்ற முடிவுக்கு மாணவர்களே வந்து சேர்வார்கள். கணினி எங்கும் நிறைய வேண்டுமானால் அதன் மின்சாரமும் எங்கிருந்தோ வந்தாக வேண்டும். பாடப்புத்தகங்கள் இதற்கு ஒரு பத்திக்கு மேல் ஒதுக்குவதில்லை என்பது என் குறை.

அனுப்பியாயிற்று என்கிறது, எதுவும் வந்து சேரவில்லை

இந்தப் பயிற்சியில் அதிக நேரம் பிடிக்கும் அறிகுறி இதுதான். போர்டுகளுக்கிடையே ரூட்டர் இல்லாமல் பேச இஎஸ்பி-நவ் என்ற முறையைப் பயன்படுத்துகிறோம். அதன் முதல் பதிப்பில் ஒரு செய்தி 250 பைட்டுக்குள் இருக்க வேண்டும். பெறுபவரின் மேக் முகவரி (ஒவ்வொரு போர்டின் ரேடியோவுக்கும் உரிய அடையாள எண்) தெரிந்திருக்க வேண்டும். இரு போர்டுகளும் ஒரே வைஃபை சேனலில் இருக்க வேண்டும்.

முதலில் சேனலைப் பாருங்கள். மாணவர்களில் யாராவது ஒருவர், தம் போர்டை மட்டும் கைப்பேசியின் ஹாட்ஸ்பாட்டோடும் இணைத்திருப்பார். ஹாட்ஸ்பாட் 6-ஆம் சேனலில் இருந்தால் அந்தப் போர்டும் 6-க்குப் போய்விடும். மற்றவை 1-இலேயே இருக்கும். இதைவிடக் குழப்பமானது, ஹாட்ஸ்பாட் அணைக்கப்பட்ட பிறகு நடப்பது: போர்டு அதைத் தேடிக்கொண்டு ஒவ்வொரு சேனலாகத் தாவும், தாவும் வழியில் நம் சேனலில் நிற்கும் கணத்தில் வந்த செய்தி மட்டும் கிடைக்கும். பத்தில் ஒன்றிரண்டு செய்திகள் மட்டும் வந்துசேர்கின்றன என்று மாணவர் சொன்னால் இதைத்தான் சந்தேகிக்க வேண்டும். ஹாட்ஸ்பாட் இணைப்பு வரியை நீக்கிவிட்டு, எல்லாப் போர்டுகளிலும் சேனலை எண் குறிப்பிட்டுப் பூட்டுங்கள்.

அடுத்து முகவரி. ஒரே போர்டுக்கு ஸ்டேஷன் நிலையில் (பிறர் வைஃபையில் சேரும்போது) ஒரு மேக் முகவரியும், அக்சஸ் பாயிண்ட் நிலையில் (தானே வைஃபை வழங்கும்போது) அதைவிட ஒன்று கூடுதலான இன்னொன்றும் உண்டு. கடைசி இலக்கம் ஒன்று தள்ளியிருந்தால் மாணவர் தவறான நிலையில் முகவரியைப் படித்து எழுதியிருக்கிறார். எல்லாருக்கும் பொதுவான ஒலிபரப்பு முகவரிக்கு அனுப்புவதாக இருந்தாலும், அந்த முகவரியையும் முறைப்படி பியராக (செய்தி பெறும் கூட்டாளியாக) நிரலில் சேர்த்தாக வேண்டும்.

இவை எல்லாம் சரியாக இருந்தும் செய்தி போய்ச் சேராதபோது, ‘வெற்றி’ என்று திரையில் வரும் சொல்லை விசாரிக்க வேண்டும். ஒரு குறிப்பிட்ட போர்டுக்கு அனுப்பும்போது வரும் ‘வெற்றி’, எதிர்ப் போர்டின் ரேடியோ அதைப் பெற்றது என்பதற்கு மட்டுமே சான்று. அங்குள்ள நிரல் அதைப் படித்ததா என்பதற்குச் சான்று அன்று. ஒலிபரப்பில் அனுப்பும்போதோ யாரும் பதில் ரசீது தருவதில்லை. ஆகவே கேட்க ஒருவருமே இல்லாத அறையிலும் ‘வெற்றி’ என்றுதான் வரும். இதை மாணவருக்குச் செய்துகாட்டுங்கள்: மற்ற எல்லாப் போர்டுகளின் வயரையும் பிடுங்கிவிட்டு ஒன்றை மட்டும் அனுப்பச் சொல்லுங்கள். அது மகிழ்ச்சியோடு ‘வெற்றி, வெற்றி’ என்று எழுதிக்கொண்டே போகும். ரசீது வேண்டுமானால் நாமே ஒரு பதில் செய்தியை வடிவமைக்க வேண்டும் என்பதும், அந்தப் பதிலும் வழியில் தொலையலாம் என்பதும் அதன் பிறகு விளக்க வேண்டியவை.

செய்தி வருகிறது, ஆனால் எண்கள் தாறுமாறாக இருக்கின்றன என்றால், இரு போர்டுகளிலும் ஏற்றப்பட்ட நிரல்கள் வேறு வேறு. ஒரு மாணவர் செய்தி அமைப்பின் நடுவில் புதிதாக ஓர் எண்ணைச் செருகியிருப்பார். அடுத்தவருடையது பழைய அமைப்பிலேயே படித்துக்கொண்டிருக்கும். செய்தியின் முதல் பைட்டைப் பதிப்பு எண்ணுக்கு ஒதுக்கி, பொருந்தாத செய்தியைத் தூக்கி எறியச் செய்யுங்கள்.

மேசையில் வேலை செய்தது. படிக்கட்டில் வேலை செய்யவில்லை

போர்டை மீட்டர் பெட்டிக்குள் வைத்திருக்கிறார்களா என்று முதலில் பாருங்கள். இரும்புப் பெட்டிக்குள் ரேடியோ அலை போகாது. மொட்டைமாடியின் சின்டெக்ஸ் தொட்டிக்குப் பின்னால் வைத்தாலும் சிக்கல்தான், 2.4 கிகாஹெர்ட்ஸ் அலையை நீர் நன்றாக உறிஞ்சிக்கொள்ளும். தொட்டி காலியாக இருந்தபோது சோதித்துவிட்டு, நிரம்பிய பிறகு ஏன் சிக்னல் குறைந்தது என்று மாணவர்களைக் கேளுங்கள்.

தளத்துக்குத் தளம் கான்கிரீட்டைத் துளைத்துப் பேசவைக்க முயலாமல், படிக்கட்டின் நடுவில் உள்ள திறந்த வெளியைப் பயன்படுத்துங்கள். ஒவ்வொரு செய்தியோடும் சிக்னல் வலிமையையும் அச்சிடச் செய்யுங்கள்: மைனஸ் 70 டிபிஎம் வரை கவலையில்லை, மைனஸ் 85-ஐத் தாண்டினால் செய்திகள் தொலையத் தொடங்கும். காசிமேட்டுப் பக்கம் இரும்புத் தகடு கூரை வேய்ந்த கூடங்களில் அலைகள் எல்லாத் திசையிலிருந்தும் மோதித் திரும்பி ஒன்றையொன்று அழித்துக்கொள்ளும். இந்த அலையின் நீளம் ஏறத்தாழ 12.5 சென்டிமீட்டர் என்பதால், போர்டை நான்கு விரற்கடை நகர்த்தினாலே செத்த இடம் உயிர்பெறுவதுண்டு. அனுப்பும் திறனைக் கூட்டுவதற்கு முன் போர்டை நகர்த்திப் பாருங்கள்.

சென்சார் பொய் சொல்கிறது

அனலாக் சென்சார் வைஃபையை இயக்கியதும் பிதற்றத் தொடங்கினால், அது ஏடிசி2 (மின்னழுத்தத்தை எண்ணாக மாற்றும் இரண்டாம் பகுதி) பின்களில் ஒன்றில் இருக்கிறது; வைஃபையும் ஏடிசி2-உம் ஒன்றாக வேலை செய்யா. 32 முதல் 39 வரையுள்ள பின்களுக்கு மாற்றுங்கள். நீருக்குள் இரு கம்பிகளை விட்டு மட்டம் அறியும் மலிவான சென்சார், உப்புக் கலந்த நீரில் மின்னோட்டம் ஓடிக்கொண்டே இருப்பதால் மிக விரைவில் பச்சை பூத்து அரித்துப்போகும். அளக்கும் கணத்தில் மட்டும் மின்சாரம் கொடுத்தால் ஆயுள் நீளும். மிதவை சுவிட்ச் இந்தத் தொல்லை இல்லாதது என்பதால்தான் பயிற்சியில் அதைச் சொன்னேன். கடற்காற்று வீசும் இடங்களில் ஜம்பர் வயர்களை நம்பாமல் சால்டர் செய்துவிடுவது நல்லது.

ஒரு செய்தி நூறாகப் பெருகி எல்லாப் போர்டுகளும் திணறுகின்றன

‘கேட்டதைத் திரும்பச் சொல்’ என்ற ஒரே விதியை மாணவர்கள் எழுதியிருப்பார்கள். ஆறு போர்டுகளும் ஒன்றையொன்று கேட்கும் தொலைவில் இருந்தால், முதல் அனுப்பலை ஐந்து போர்டுகள் திரும்பச் சொல்லும். அந்த ஒவ்வொன்றையும் மற்ற ஐந்தும் திரும்பச் சொல்லும். 1, 5, 25, 125 என்று நான்கே தாவலில் (போர்டிலிருந்து போர்டுக்குப் போகும் ஒவ்வொரு படியும் ஒரு தாவல்) 156 அனுப்பல்கள் ஆகிவிடும். நிறுத்துவார் இல்லாததால் அது அத்தோடும் நிற்காது. எல்இடிகள் வெறிபிடித்தாற்போல் மின்னுவதை ஒரு நிமிடம் அப்படியே பார்க்க விடுங்கள். இந்தக் கணக்கை மாணவர் தம் கையால் தாளில் போட வேண்டும். நீங்கள் போட்டுக்காட்டக் கூடாது.

மருந்து இரண்டு. ஒவ்வொரு செய்திக்கும் தொடங்கிய போர்டின் எண்ணும் வரிசை எண்ணும் இருக்கட்டும். அண்மையில் கேட்ட எண்களை ஒவ்வொரு போர்டும் ஒரு சிறு பட்டியலில் வைத்துக்கொண்டு, ஏற்கெனவே கேட்டதையும் அதைவிடப் பழைய எண்ணையும் திரும்பச் சொல்லாமல் விடட்டும். இதோடு 156 என்பது 6 ஆகக் குறைந்துவிடும். இரண்டாவதாக, எத்தனை தாவல் மீதி என்ற எண்ணைச் செய்தியிலேயே வைத்து, ஒவ்வொரு போர்டும் ஒன்றைக் குறைத்து அனுப்பட்டும், பூஜ்யமானதும் நிறுத்தட்டும். 2000-இல் வெளிவந்த நுடெல்லா என்ற கோப்புப் பகிர்வு முறை இதே இரண்டையும் கையாண்டது. அதில் தாவல் எண் வழக்கமாக 7. உலகெங்கும் பரவிய ஒரு வலையமைப்பின் உத்தி தம் படிக்கட்டில் ஓடுவதைக் கண்டு மாணவர் வியப்பது நியாயமே.

இதன் பிறகும் சில செய்திகள் தொலைந்தால், எல்லாப் போர்டுகளும் ஒரே நொடியில் வாய்திறந்து மோதிக்கொள்கின்றன. திரும்பச் சொல்வதற்கு முன் ஒவ்வொன்றும் 10 முதல் 100 மில்லிநொடி வரை தற்செயலாகக் காத்திருக்கட்டும். ஆனால் அந்தக் காத்திருப்பைச் செய்தி வாங்கும் கால்பேக்குக்குள் (செய்தி வந்ததும் தானாக ஓடும் நிரல்பகுதிக்குள்) எழுதக் கூடாது; அது வைஃபையின் வேலையையே நிறுத்திவிடும். வந்ததை ஒரு வரிசையில் போட்டுவிட்டு வெளியே வந்து, மெயின் லூப்பில் கையாளுங்கள்.

இரண்டாம் தளத்தில் விளக்கு எரிகிறது. மூன்றாம் தளத்தில் எரியவில்லை

மூன்றாம் தளத்துப் போர்டு செத்துவிட்டதா, செய்தி தொலைந்ததா, பழைய செய்தியையே நம்பிக்கொண்டிருக்கிறதா என்று விளக்கைப் பார்த்து யாராலும் சொல்ல முடியாது. வடிவமைப்பின் பிழையே அதுதான். ‘தண்ணீர் இல்லை’ என்பதற்கும் ‘எனக்குத் தெரியாது’ என்பதற்கும் அணைந்த விளக்கையே பயன்படுத்தியிருக்கிறோம்.

சம்ப்பில் உள்ள போர்டு, மாற்றம் இருந்தாலும் இல்லாவிட்டாலும் பத்து நொடிக்கு ஒருமுறை தன் நிலையைச் சொல்லட்டும். ஒரு நிமிடம் வரை எதுவும் கேட்காத போர்டு, விளக்கை மெதுவாக மினுக்கி ‘தெரியாது’ என்று ஒப்புக்கொள்ளட்டும். நான்கு மாடி இறங்கிக் குடத்தோடு போகும் ஒருவருக்கு, தெரியாது என்ற நேர்மையான பதில் தவறான ‘இல்லை’யைவிட எவ்வளவோ மேல்.

இதைச் செய்த பிறகு, மின்வெட்டு முடிந்ததும் ஒரு விசித்திரம் தோன்றலாம்: சம்ப் போர்டு உயிரோடு பேசிக்கொண்டிருக்கிறது, மற்றவை அதைக் கேட்கவே மறுக்கின்றன. காரணம், மறுதொடக்கமான போர்டின் வரிசை எண் 1-இலிருந்து தொடங்கியிருக்கும். பேட்டரியில் ஓடிய அண்டைப் போர்டுகளோ 340 வரை கேட்டிருக்கும். 1, 2, 3 என்பனவற்றைப் பழைய செய்திகள் என்று அவை தள்ளிவிடுகின்றன. தொடங்கும் ஒவ்வொரு முறையும் ஒன்று கூடும் எண் ஒன்றை ஃபிளாஷ் நினைவகத்தில் சேமித்து, வரிசை எண்ணுக்கு முன்னால் அதையும் ஒப்பிடச் செய்யுங்கள்.

‘நேரத்தையே போட்டுவிடலாமே’ என்று ஒரு மாணவராவது கேட்பார். இணையம் இல்லாமல் போர்டுக்கு மணி தெரியாது. நேரத்தை எண்ண அதில் உள்ள படிகம் பத்து இலட்சத்தில் 20 பங்கு பிசகினாலே நாளொன்றுக்கு 1.7 நொடி விலகும். நேரமின்றியே எது முன், எது பின் என்று முடிவுசெய்யும் எண்ணிக்கை முறையைக் கணினி அறிவியலாளர் லெஸ்லி லாம்போர்ட் 1978-இல் எழுதினார். தெருக்குழாயிலும் சம்ப்பிலும் இரண்டு சென்சார்கள் வைக்கும் நிலைக்கு வகுப்பு வரும்போது அதை எடுத்துக்கொள்ளலாம். அதற்கு முன் வேண்டாம்.

கைப்பேசி மட்டும் குழுவில் சேர மாட்டேன் என்கிறது

கைப்பேசிக்கு இஎஸ்பி-நவ் தெரியாது. ஒரு போர்டை அக்சஸ் பாயிண்டாக்கி, அதே சேனலில் ஒரு சிறு வலைப்பக்கம் காட்டச் செய்யலாம். பக்கம் திறக்காவிட்டால், ‘இந்த வைஃபையில் இணையம் இல்லை’ என்று கண்டு கைப்பேசி மொபைல் டேட்டாவுக்கு ஓடியிருக்கும். டேட்டாவை அணைத்துவிட்டுப் பாருங்கள். ஐந்தாவது மாணவரால் இணைய முடியவில்லை என்றால், போர்டுக்கு நிரல் எழுதும் ஆர்டுயினோ மென்பொருளில் இயல்பு வரம்பு நான்கு என்பதே காரணம்.

ஒரு போர்டை அணைத்தால் மொத்தமும் நின்றுவிடுகிறது

எல்லாம் சரியாக ஓடும் நாளில் ஏதேனும் ஒரு வயரைச் சொல்லாமல் பிடுங்குங்கள். மொத்தமும் நின்றால், பியர்-டு-பியர் (மையமின்றி எல்லாரும் சமமாகப் பேசும் முறை) என்ற பெயரில் ஒரு சர்வரை மாணவர்கள் கட்டியிருக்கிறார்கள். பொதுவாக அது, எல்லாருடைய மேக் முகவரிப் பட்டியலையும் வைத்துக்கொண்டு கேட்பவர்க்குக் கொடுக்கும் ‘தலைவர்’ போர்டாக இருக்கும். 1999-இல் தொடங்கிய பாட்டுப் பகிர்வுச் சேவையான நாப்ஸ்டரில் பாட்டுகள் பயனர்களின் கணினிகளுக்கிடையேதான் நேரடியாகப் போய்வந்தன. ஆனால் யாரிடம் எது இருக்கிறது என்ற பட்டியல் நிறுவனத்தின் சர்வர்களில் இருந்ததால், 2001-இல் நீதிமன்ற உத்தரவுக்குப் பிறகு அவற்றை நிறுத்தியதும் அனைத்தும் நின்றது. பட்டியலை ஒழியுங்கள், ஒவ்வொரு போர்டும் ‘நான் இருக்கிறேன்’ என்று ஒலிபரப்பித் தன் அண்டையாரைத் தானே கண்டுகொள்ளட்டும்.

சம்ப் போர்டு அணைந்தால் செய்தி நிற்கத்தான் செய்யும். சென்சார் அங்கு ஒன்றுதானே. அதை மையம் என்று குறைகூற வேண்டியதில்லை. மற்றப் போர்டுகள் அனைத்தும் மினுக்கத் தொடங்கினால் அமைப்பு சரியாகவே நடந்துகொள்கிறது.

எல்லாம் ஓடுகிறது; யாரும் விளக்கைப் பார்ப்பதில்லை

நிரலில் பிழை இல்லாததால் இதை ஆசிரியர்கள் பிழையாகவே கருதுவதில்லை. மாணவர் உடனே பஸ்ஸர் வைப்பார்கள். விடியற்காலை நாலு மணிக்கு அது அலறினால் இரண்டாம் நாளே யாராவது வயரை அறுத்துவிடுவார்கள். பார்க் ஆய்வகத்தில் நட்டாலி ஜெரெமிஜென்கோ என்ற கலைஞர், கூரையில் ஒரு சிறு மோட்டாரில் எட்டடி நீளப் பிளாஸ்டிக் இழையைத் தொங்கவிட்டார். வலையமைப்பில் போக்குவரத்து குறைந்தால் அது எப்போதாவது துடிக்கும்; கூடினால் சுழன்று மெல்லிய ஓசை எழுப்பும். நடந்துபோகிறவர்களின் ஓரக்கண்ணுக்கே செய்தி எட்டிவிடும். விளக்கைக் கதவுக்கு மேலே வைப்பதா, குடம் வைக்கும் இடத்தில் வைப்பதா என்று அந்தக் குடியிருப்பின் பெண்களிடம் மாணவர்களைக் கேட்டுவரச் சொல்லுங்கள். அவர்கள் சொல்லும் இடம் பெரும்பாலும் சரியாக இருக்கும்.

தண்ணீர் வராமலே விளக்கு எரிகிறது

மிதவை சிக்கிக்கொள்ளவில்லை என்று உறுதிசெய்துகொண்ட பிறகு, வகுப்பின் குறும்பரைத் தேடுங்கள். தம் போர்டிலிருந்து சம்ப் போர்டின் எண்ணைப் போட்டு ‘தண்ணீர் வந்தது’ என்று ஒலிபரப்பியிருப்பார். திட்டுவதற்கு முன் மற்றவர்களுக்கு அதைச் செய்துகாட்டச் சொல்லுங்கள்.

இஎஸ்பி-நவ்வில் ஒரு குறிப்பிட்ட பியருக்கான செய்தியை மறைகுறியாக்கலாம், ஒலிபரப்பை முடியாது. ஆகவே எல்லாப் போர்டுகளுக்கும் பொதுவான ஓர் இரகசியச் சாவியைக் கொண்டு எச்மேக் முத்திரை (சாவி தெரிந்தவரே உண்டாக்கக்கூடிய சரிபார்ப்பு எண்) கணக்கிட்டு, அதன் முதல் 8 பைட்டுகளைச் செய்தியின் வாலில் ஒட்டுங்கள். பதிப்பு, போர்டு எண், தொடக்க எண், வரிசை எண், தாவல், நிலை எல்லாம் 8 பைட்டில் அடங்கும், முத்திரையோடு 16. தாவல் எண் வழியில் மாறிக்கொண்டே இருப்பதால் முத்திரைக் கணக்கில் அதைச் சேர்க்காதீர்கள். சேர்த்தால் முதல்முறை திரும்பச் சொன்னதுமே எல்லாச் செய்தியும் போலி என்று தள்ளப்படும். பழைய உண்மைச் செய்தியைப் பதிவுசெய்து மறுபடி அனுப்பினாலும், வரிசை எண் சோதனை அதைப் பிடித்துவிடும். எந்தப் போர்டாவது படிக்கட்டிலிருந்து காணாமல்போனால் சாவியும் அதோடு போய்விட்டது; அன்றே எல்லாப் போர்டுகளிலும் புதுச் சாவியை ஏற்றுங்கள்.